ஐயாயிரம் ரூபாய், புது ஆணி கூடாது: மஞ்சக்குப்பம் வாடகை வீட்டில் கூடைகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. வாடகைக்கு இருப்பவர் பள்ளிக்கூட டீச்சர், கணவருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, இரண்டு பிள்ளைகள், கூடவே டீச்சரின் அம்மா. வீட்டைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி மாற்ற வேண்டும், ஐயாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடப் போடமுடியாது, வீட்டுக்காரம்மா புதிதாக ஒரு ஆணி அடிக்கவும் விடமாட்டார். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இதுக்குள்ள முடியுமாக்கா?" என்று கேட்டார். முடிந்தது, மூங்கில், ஓலை, ஒயர் கூடைகளை வைத்து, 4,920 ரூபாயில்.

வேலை நடந்தது 2024 ஜூலையில். உடனே எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. இந்தக் கடலோரத்தில் மூங்கிலும் ஓலையும் வைத்துச் செய்கிற எதையும் ஒரு ஐப்பசி கார்த்திகை மழை பார்த்த பிறகுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். அந்த வருஷம் மழையோடு ஃபெஞ்சல் புயலும் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டி, அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி கடலூரையும் முக்கியது. மாடி வீடு என்பதால் தண்ணீர் உள்ளே வரவில்லை, ஆனால் சுவர் ஊறியது, கரண்ட் போனது, ஜன்னலைத் திறக்க முடியாமல் நாள்கணக்கில் வீடு புழுங்கியது. கூடைகளுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை யாராலும் வைக்க முடியாது.

முதலில் சுவர்

ஹால் பதினாலுக்குப் பத்தடி. நாலு சுவரும் கிளிப்பச்சை, அதுவும் கைவைத்தால் கையோடு வருகிற டிஸ்டெம்பர். மேற்குச் சுவர் வெளிச்சுவர், மேலே பாராபெட்டில், அதாவது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், விரிசல் இருப்பதால் ஒவ்வொரு மழைக்கும் ஓதம் (ஈரக்கசிவு) இறங்கி, பச்சைக்கு மேல் வெள்ளை உப்பு பூத்திருக்கிறது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கும் உள்சுவர் காய்ந்த சுவர். அதில் யாரோ எப்போதோ காலண்டருக்கும் சாமி படத்துக்கும் அடித்த இரண்டு ஆணிகள், நடுவில் ஆறேழு அடி இடைவெளி. கூரையில், படுக்கையறை வாசலுக்கு மேலாக, ஒரு தொட்டில் கொக்கி. பழைய வீடுகளில் இந்தக் கொக்கி இல்லாத ஹால் அபூர்வம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது கையால் சுவரைத் தடவித்தான். என்ன மாட்டலாம் என்பது அப்புறம். கூடை அலங்காரம் என்று போனில் காட்டப்படுகிற படங்களில் பாதி, காற்றில் ஈரமே இல்லாத ஊர்களில் எடுத்தவை. அதைப் பார்த்து மேற்குச் சுவரில் ஓலைத்தட்டு மாட்டினால் தீபாவளிக்கு முன்னாடியே பின்பக்கம் கறுத்துவிடும். எந்தக் கூடை அழகு என்பதைவிட எந்தச் சுவர் காய்ந்தது என்பதுதான் இங்கே செலவைத் தீர்மானிக்கிறது, ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிற மலிவுப் பொருள் மலிவே கிடையாது.

ஐயாயிரத்துக்கு வேறு என்ன செய்திருக்கலாம் என்றும் யோசித்தோம். ஆன்லைனில் வருகிற அட்டைப்பலகை ஷெல்ஃப் இரண்டு வாங்கலாம். பார்ட்டிகிள் போர்டு ஈரம் குடித்தால் ஓரம் உப்பி, தோல் உரிந்து, திருகு பிடிக்காமல் போகும். கடலோர வீடுகளில் அது அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி. இரும்பு ஸ்டாண்ட் என்றால் உப்புக்காற்றுக்கு ஒரே வருஷத்தில் துரு. கூடைக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. எடையே இல்லை. இரண்டடி அகலத் தட்டுக்கூடையைக் கூட பழைய காலண்டர் ஆணி தாங்கும்.

அதனால் முதலில் பொருளைச் சுவரோடு பொருத்தினோம். காய்ந்த உள்சுவரில் மூங்கில். வெயிலும் ஈரமும் நேரடியாகப் படாத அலமாரிக்குள் பனை ஓலைப் பெட்டி. தண்ணீர் படுகிற குளியலறை, பால்கனி இரண்டுக்கும் ஒயர் கூடை. மேற்குச் சுவருக்கு ஒன்றுமே இல்லை. டீச்சருக்கு அதுதான் ஏமாற்றம், ஏனென்றால் வாசலைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்தச் சுவர். சோபாவை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டதும் அந்தப் பிரச்சினை தானாகக் குறைந்துவிட்டது.

வாங்கியது

புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் கடைகளில் மூங்கில் தட்டுக்கு வார்னிஷ் அடித்து, பின்னால் ஒரு கொக்கி வைத்து, சந்தையில் விற்பதைப் போல பல மடங்கு விலை போடுகிறார்கள். டூரிஸ்ட் வாங்குகிற இடம், கடை வாடகை அப்படி, குறை சொல்லிப் பயனில்லை. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் விலை இறங்கும், ஆனால் அங்கே ஒரே அளவு, ஒரே நெசவுதான் குவிந்து கிடக்கும்.

நாங்கள் தட்டுக்கூடைகளை வாங்கியது காராமணிக்குப்பம் சந்தையில். திங்கட்கிழமை சந்தை, கருவாட்டுக்குப் பேர்போனது. கருவாட்டு வாசனையோடு கூடையா என்று டீச்சர் முகம் சுளித்தார், வெயிலில் ஒரு நாள் கிடந்தால் போய்விடுகிற வாசனைதான். தேர்ந்தெடுக்கும்போது பார்த்தது ஒன்றே ஒன்று: பத்தையில், அதாவது முடைவதற்காகப் பிளந்து சீவின மூங்கில் பட்டையில், மூங்கிலின் வெளித்தோல் இருக்கிறதா, உள்சதை மட்டுமா. தோல் பக்கம் பளபளவென்று கெட்டியாக இருக்கும், நீரும் பூச்சியும் சீக்கிரம் ஏறாது. உள்சதை வெளுப்பாக, நார் நாராக இருக்கும், புதிதில் பார்க்க அழகு, உளுத்துப்போவதும் அதுதான் முதலில். நல்ல கூடையில் விளிம்பும் குறுக்குப் பத்தையும் தோலாக இருக்கும். தட்டைத் திருப்பி, விளிம்புக் கட்டை நகத்தால் நெம்பிப் பாருங்கள். அசைந்தால் வேண்டாம்.

இரண்டடித் தட்டு ஒன்று 250, ஒன்றரை அடியில் இரண்டு 300, ஓரடியில் இரண்டு 180. கோழி கவிழ்க்கிற பெரிய கூடை ஒன்று 300. தெற்கே பஞ்சாரம் என்பார்களே, அதேதான், கண் பெரிதாக விட்டு முடைந்தது.

செவ்வகக் கூடைகளுக்கு மட்டும் சந்தை உதவவில்லை. டீச்சர் வீட்டில் டிவிக்குக் கீழே ஒரு சிமென்ட் திட்டு, அதில் நாலு அறை, கதவில்லாமல். புத்தகம், சார்ஜர், மருந்துச்சீட்டு, விளையாட்டுச் சாமான், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஊருக்கே தெரிகிற மாதிரி கிடந்தது. வட்டக்கூடை வைத்தால் நாலு மூலையும் வீண். அதனால் திருப்பாதிரிப்புலியூர் போகிற வழியில் ரோட்டோரம் உட்கார்ந்து முடைகிற ஒரு குடும்பத்திடம் கேட்டோம். அளவை அடிக்கணக்கில் சொன்னபோது அந்த அம்மா தலையாட்டினார், ஆனால் அவருக்குக் கணக்கு சாணும் விரலும். "அளவெல்லாம் வேணாம்மா, அதுக்குள்ள போற மாதிரி ஒரு அட்டைப்பெட்டி கொண்டாந்து குடு, அது மேலயே முடைஞ்சு தர்றேன்" என்றார். திட்டின் அறைக்குள் தாராளமாகப் போய்வருகிற ஒரு பார்சல் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதைச் சுற்றிப் பின்னி, பெட்டியை உருவிவிட்டார். நாலும் ஒரே அளவு. இதைவிட நல்ல யோசனை இந்த வேலை முழுக்க வேறு யாரிடமும் கிடைக்கவில்லை.

ஒன்று 280 கேட்டார். டீச்சரின் கணவர் 200க்குப் பேச ஆரம்பித்தார். நான் நிறுத்தச் சொன்னேன். வட்டத்தில் பத்தை வளைந்து போய்க்கொண்டே இருக்கும், செவ்வகத்தில் ஒவ்வொரு மூலையிலும் நனைத்து, நெருப்பில் லேசாக வாட்டி, மடக்கவேண்டும், பாதி பத்தை அங்கேதான் உடையும். மூங்கிலைப் பிளந்து சீவிச் சன்னமாக்குவதற்கே காலைப்பொழுது போய்விடுகிற தொழிலில், அளவு சொல்லிச் செய்யச் சொன்ன பொருளுக்கு எண்பது ரூபாய் குறைத்தால் அந்த எண்பது பின்னலின் நெருக்கத்தில்தான் குறையும்.

பனை ஓலைப் பெட்டிகள், மூடியோடு, ஆறு. ஒன்று 110. குருத்தோலையில் செய்தது. முற்றிய ஓலை கூரைக்குச் சரி, பெட்டிக்கு வெடிக்கும். சாயம் போட்டதைத் தவிர்த்தோம், ஜன்னல் வெளிச்சத்தில் ரோஸும் பச்சையும் சீக்கிரம் வெளுத்து, ஒரு பக்கம் ஒரு நிறம் என்று ஆகிவிடும்.

வெங்காரம்

மூங்கிலில் மாவுச்சத்து இருக்கிறது. பூச்சி வருவது அதைத் தின்ன. கூடைக்குக் கீழே கோலமாவு சிந்தின மாதிரி மெல்லிய தூள் கிடந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது என்று அர்த்தம். தேய்பிறையில் வெட்டின மூங்கில் உளுக்காது என்று முடைகிறவர்கள் சொல்வார்கள், ஆனால் வாங்குகிற நமக்கு எந்தப் பிறையில் வெட்டியது என்று எப்படித் தெரியும்?

தெரிந்த வழி வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் பவுடரும். போரிக் பவுடர் என்றால் கேரம் போர்டில் தூவுவது, மருந்துக்கடையில் கிடைக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு வெங்காரம் 300 கிராம், போரிக் 200 கிராம். கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொண்டு மற்ற தண்ணீரில் ஊற்றினால் அடியில் தங்காது. துணி ஊறவைக்கிற அகலமான டப்பில் தட்டுகளை ஒரு ராத்திரி முழுக்க முக்கி, மேலே செங்கல் வைத்து அழுத்தி, மறுநாள் நிழலில் காயவிட்டோம். நேர் வெயிலில் சட்டென்று காய்ந்தால் விளிம்பு முறுக்கிக்கொள்ளும். இந்த உப்பு தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் பிறகு கூடையைக் கழுவினால் மருந்தும் போய்விடும், அதனால் காய்ந்ததும் தட்டுகளுக்கு ஒரு கோட் வார்னிஷ், மேட் வகை. பளபளப்பு வார்னிஷ் அடித்தால் மூங்கில் பிளாஸ்டிக் மாதிரி தெரியும், அது என் தனிப்பட்ட எரிச்சல்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: சாப்பாட்டுப் பொருள் வைக்கிற எந்தக் கூடைக்கும் இந்த மருந்து கூடாது. வெங்காயம், பழம், அரிசி எதுவானாலும் சரி. டப்பில் மிச்சமான தண்ணீரைச் செடிக்கும் ஊற்றக்கூடாது, கருகிவிடும். டப்பைக் கழுவிக் கவிழ்த்து, பிள்ளைகள் கை வைக்காத இடத்தில் வைத்துவிட வேண்டும்.

முக்குவதற்கு முன்னால் சிராய் எடுத்தோம். முரட்டு சாண்ட்பேப்பர் போதும். உள்பக்கம் கை போகாத இடத்தில் ஸ்டவ் தணலில் சட்டென்று ஒரு சுற்றுக் காட்டினால் நீட்டிக்கொண்டிருக்கிற நார் மட்டும் பொசுங்கிவிடும். துணி அடுக்குகிற கூடையென்றால் இது கட்டாயம், இல்லாவிட்டால் ஒவ்வொரு துப்பட்டாவும் மாட்டிக்கொண்டு கிழியும்.

உள்சுவர்

கிளிப்பச்சையில் மூங்கில் நிறம் எடுக்கவே எடுக்காது. வெள்ளையிலோ சந்தன நிறத்திலோதான் அந்தப் பழுப்பு தெரியும். வண்ணம் மாற்ற வீட்டுக்காரம்மாவிடம் கேட்பதற்கே டீச்சர் பயந்தார். அதனால் மூன்று மீட்டர் காடாத்துணி வாங்கினோம், மீட்டர் 70. ஏற்கெனவே இருந்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு மூங்கில் கழியைக் கட்டி, காடாவை அந்தக் கழியில் சுற்றிப் பின்பக்கம் தைத்துத் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தில் மடிப்புக்குள் இன்னொரு மெல்லிய குச்சி. அவ்வளவுதான், சுவரில் வெளுப்பான ஒரு பெரிய சதுரம் வந்துவிட்டது. அதன் முன்னால் அதே கழியிலிருந்து தட்டுகள்.

தட்டுகளைக் கட்டியது மீன்பிடி நரம்பில். கட்டுக்கம்பியில் கட்டலாம் என்று பலரும் நினைப்பார்கள், கடலூர்க் காற்றில் அது துருப்பிடித்து, துணியில் சிவப்புக் கோடு இறங்கும். நரம்பு துருப்பிடிக்காது, கண்ணுக்கும் தெரியாது, வாங்கக் கடலூரில் எங்கேயும் தேட வேண்டியதில்லை.

மாட்டும் ஒழுங்கைத் தரையில் போட்டுப் பார்த்தோம், நியூஸ்பேப்பரை விரித்து அதன் மேல். டீச்சர் பெரிய தட்டை நட்டநடுவில் வைத்து மற்ற நாலையும் சுற்றி வைத்தார், நவக்கிரகம் மாதிரி வந்தது. பெரியதை இடது பக்கம் கொஞ்சம் கீழே இறக்கி, ஒன்றரை அடித் தட்டு ஒன்றை அதன் தோளில் லேசாக ஏற்றி, மிச்சத்தை வலப்பக்கம் மேலாக விட்டதும் சரியாக உட்கார்ந்தது. இடைவெளி இரண்டு மூன்று விரல்கட்டைக்குள். அதிகமானால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். கூட்டத்தின் நடுப்பகுதி நிற்கிறவர் கண்மட்டத்துக்கு வரட்டும். பெரும்பாலான வீடுகளில் சாமி படம் மாட்டுகிற உயரத்துக்கே எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள், அப்புறம் சுவரில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும் சின்ன ரப்பர் வாஷர் ஒட்டினோம், துணிக்கும் தட்டுக்கும் நடுவே காற்றுப் போய்வர. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிப்பது முன்பக்கத்தில் கிடையாது, காற்றுப் படாத பின்பக்கத்தில்தான். ஒட்டுக் கொக்கி பற்றி டீச்சரின் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். டைல்ஸில் நிற்கும். டிஸ்டெம்பரில் பெயின்டோடு பெயர்ந்துவரும், அப்புறம் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

தொட்டில் கொக்கி

கோழிக்கூடையைக் கவிழ்த்து, மேலே மையத்தில் ஹோல்டர் நுழைகிற அளவுக்கு இரண்டு பத்தையை மட்டும் விலக்கி, உள்ளே 9 வாட் எல்.இ.டி., வெதுவெதுப்பான மஞ்சள் வெளிச்சம். ஒயர் கூரையோரமாக வந்து இருக்கிற பிளக்கிலேயே முடிகிறது, சுவருக்குள் எதையும் தொடவில்லை. பழைய குண்டு பல்பு போட்டால் வேலைக்காகாது, அறுபது வாட் பல்பின் சூட்டில் காய்ந்த மூங்கில் கருகும், தீயும் பிடிக்கலாம். எல்.இ.டி.யிலும் அடிப்பாகம் சூடாகும் என்பதால் பல்புக்கும் பத்தைக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டோம்.

இதில் ஒரு தொந்தரவு வந்தது. ஃபேன் ஓடினால் கூடை ஆடுகிறது. கூடை ஆடினால் பின்னல் கண்கள் வழியாகக் கூரையில் விழுகிற நிழல் முழுக்க ஆடுகிறது. சின்னவன் அதை ரசித்தான், பாட்டிக்குத் தலைசுற்றியது. கூடையின் கீழ்விளிம்பிலிருந்து ஜன்னல் கம்பிக்கு நரம்பை இழுத்துக் கட்டியதும் நின்றுவிட்டது. ஃபேனுக்கு நேர் பக்கத்தில் இப்படி விளக்குப் போட நினைக்கிறவர்கள் போடாமல் இருப்பதே நல்லது, இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி அடித்துக் கண்ணைக் கெடுக்கும். இங்கே ஃபேனிலிருந்து கொக்கி நாலைந்தடி தள்ளி இருந்தது அதிர்ஷ்டம்.

கூடை, ஹோல்டர், ஒயர், பல்பு எல்லாம் சேர்த்து 560. வீட்டில் வந்து போகிறவர்கள் விலை கேட்கிற ஒரே பொருள் இதுதான்.

முறம்

டீச்சரின் அம்மா கல்யாணத்தில் வந்த பழைய முறம் ஒன்று பரணில் இருந்தது. பின்னலும் நிறமும் புதிதாக எங்கே தேடினாலும் கிடைக்காது. அதை உள்சுவரில் நடுநாயகமாக மாட்ட டீச்சருக்கு ஆசை. பெரியம்மா, அதாவது அவர் அம்மா, ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "பொறந்த புள்ளைய நெல்லப் பரப்பிப் படுக்க வெச்ச முறம் அது. வெறும் முறத்தைச் சுவத்துல தொங்க விடுவாங்களா? நான் புடைக்கிறதுக்கு வேணும், அடுப்படிக்குக் கொண்டா."

நானும் அவர் பக்கம். மூங்கில் சாமானில் புழக்கத்தில் இருப்பதற்குத்தான் ஆயுள் அதிகம், தினமும் கையில் எடுத்துத் தட்டித் துடைக்கிற முறத்தில் வண்டு குடியேறுவதில்லை. பெரியம்மா வெந்தயத்தை ஊறவைத்து, பழைய பேப்பர்க் கூழும் மஞ்சளும் சேர்த்து அரைத்து, முறத்தின் இடுக்கெல்லாம் பூசிக் காயவைத்தார். ஓட்டை அடைபடும், பூச்சியும் அண்டாது. சாப்பாட்டுக் கூடைகளுக்கு என் வெங்காரத்தை விட இது மேல். அடுப்படி வாசலில், எடுக்கிற உயரத்தில், கதவுக்குப் பின்னால் இருந்த பழைய கொக்கியில் அது இப்போது தொங்குகிறது. பிள்ளைகள் செம்மண் காவியும் சுண்ணாம்பும் வைத்துக் கோலம் போட்டு விளையாட 120க்குப் புது முறம் ஒன்று தனியாக வாங்கினோம், அது உள்சுவரில்.

அடுப்படியில் வெங்காயத்துக்கும் உருளைக்கும் வீட்டில் இருந்த பழைய கூடைகளே, ஆனால் தனித்தனியாக. உருளை விடுகிற ஈரத்தில் வெங்காயம் அழுகும்.

ஒயர் கூடை

வீட்டு அலங்காரம் பேசுகிறவர்கள் ஒயர் கூடையைக் கண்டால் மூக்கைச் சுருக்குவார்கள். பிளாஸ்டிக், பழைய காலம், ரேஷன் கடைக்குப் போகிற சாமான். குளியலறையில் அதற்கு ஈடு எதுவுமே கிடையாது என்பது என் கருத்து. தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், உப்பு ஏறாது, உளுக்காது. பெரியம்மாவுக்கு ஒயர் பின்னலில் சிவன் கண் முடிச்சு தெரியும், பிஸ்கட் முடிச்சும் போடுவார். வெள்ளையும் கறுப்புமாக நாலு ரோல் வாங்கிக் கொடுத்தோம், ரோல் 60. மத்தியான சீரியல் நேரத்தில் இரண்டு கூடை தயார். ஒன்று குளியலறையில் சோப்பு, ஷாம்புவுக்கு, டைல்ஸில் ஒட்டுக் கொக்கியில். இன்னொன்று பால்கனியில் மணி பிளான்ட் தொட்டிக்கு. இரண்டே நிறம் என்று வைத்தது மட்டும்தான் என் யோசனை. ஏழு நிறம் கலந்தால்தான் அது பஸ் ஸ்டாண்டு கூடை மாதிரி தெரியும். வெயில் நேரடியாக விழுகிற பால்கனியில் பிளாஸ்டிக் ஒயர் வருஷங்கள் போகப்போக நொறுங்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கணக்கு

தட்டுகள் 730, முறம் 120, விளக்கு 560, ஓலைப்பெட்டி 660, செவ்வகக் கூடை 1,120, ஒயர் 240, காடா 210, தரையில் விரிக்கக் கோரைப்பாய் 350, கழி நரம்பு சணல் கொக்கி 210, வெங்காரம் போரிக் சாண்ட்பேப்பர் வார்னிஷ் 420, ஆட்டோவும் பஸ்ஸும் 300. மொத்தம் 4,920. இதில் கொஞ்சம் பணத்தை யாராவது மிச்சம் பிடிக்கச் சொன்னால் நான் விடச்சொல்வது தட்டுகளையும் காடாவையும், செவ்வகக் கூடைகளை விடமாட்டேன். வீடு மாறினது போலத் தெரிந்ததற்கு முக்காவாசிக் காரணம், டிவிக்குக் கீழே சிதறிக்கிடந்த சாமான் கண்ணிலிருந்து மறைந்ததுதான். சுவரில் மாட்டினதைப் பார்த்து எல்லோரும் "அழகா இருக்கு" என்கிறார்கள், ஆனால் அதே சுவர், கீழே அந்தக் குப்பையோடு இருந்திருந்தால் யாரும் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள்.

மழைக்கு அப்புறம்

பொங்கல் முடிந்து போய் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தோம். உள்சுவர்த் தட்டுகள் ஐந்தும் சுத்தம், பின்பக்கம் கூட. காடாவின் கீழ் ஓரத்தில் மட்டும் லேசான மக்கல் வாடை, துவைத்து மாட்டியாகிவிட்டது. கோழிக்கூடை விளக்கில் தூசியைத் தவிர ஒன்றுமில்லை. பல்பின் சூடு அதைக் காய வைத்துக்கொண்டே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், கரண்ட் இல்லாத நாள்களைத் தவிர.

ஓலைப்பெட்டிகளில் இரண்டு கெட்டன. அலமாரியின் கீழ்த்தட்டில், மேற்குச் சுவரை ஒட்டி இருந்தவை. அடியில் சாம்பல் நிறப் பூஞ்சணம். காய்ந்த பிரஷ்ஷால் வாசலில் வைத்துத் தட்டிவிட்டு, காலை வெயிலில் வைத்ததில் ஒன்று தேறியது, மற்றதில் கறை நின்றுவிட்டது, அது இப்போது துணிக்கிளிப் பெட்டி. மேல்தட்டில் இருந்த நாலுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரே அலமாரி, ஒரே ஓலை, இடைவெளி மூன்றடி. செவ்வகக் கூடைகளில் மூன்று நலம். நாலாவதை டீச்சர் பிள்ளைகளின் தின்பண்டத்துக்கு வேண்டும் என்று மருந்தில் முக்காமல் எடுத்துக்கொண்டார், பங்குனி வாக்கில் அதன் அடியில் தூள் கொட்ட ஆரம்பித்தது. கோரைப்பாயை மழை மாதங்களில் தினமும் சுருட்டி நிறுத்தியதால் பிழைத்தது.

கீழ்வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு அவர்களுக்கும் இதே மாதிரி தட்டுச்சுவர் வேண்டும் என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தேன். தரைத்தளம், தென்பெண்ணைத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்ற வீடு, நாலு சுவரிலும் மூன்றடிக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறது, தடவினால் விரல் நனைகிறது. இந்தச் சுவர் ஒரு முழுக் கோடை காய்ந்த பிறகு பார்க்கலாம், அதுவரைக்கும் ஒரு மூங்கில் பத்தை கூட வேண்டாம் என்றேன். பதிலுக்கு மேல்வீட்டுப் பெரியம்மாவிடம் ஒயர் ரோல் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கறுப்பும் வெள்ளையும் வேண்டாமாம், மயில் நீலத்தில் கேட்டிருக்கிறார்கள்.